இல்லாத பிரேக்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஓட்டுரிமத்திலும் வங்கிப் புத்தகத்திலும் தவிர அதற்கு வேலை இல்லை. ஊருக்கு அவள் பிரேக் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத்தருகிற வேலை. பள்ளிக் காரில், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதைப்போலப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால், கற்றுத்தருகிறவர் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தபடியேதான் அவள் ஆயுசில் பாதி ஓடியிருக்கிறது.

முதலில் அவள் அந்தப் பள்ளியில் ரசீது எழுத வந்தவள். கணவன் தவறிப்போன வருஷம், கையில் குழந்தை, கிடைத்த வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்போது கற்றுத்தந்த மாஸ்டர் பிரேக்கைவிட வாயைத்தான் அதிகம் போடுவார். அவரிடம் படித்த பெண்கள் பாதிப்பேர் அழுதுகொண்டே இறங்கிப்போய்விடுவார்கள். மீதிப்பேர் அவரை அழவைத்துவிட்டுப் போவார்கள். இவளும் அவரிடம்தான் படித்தாள், அழுத கட்சியில் இருந்தாள். ஒருநாள் அவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப்போக, முதலாளி இவளைப் பார்த்து, "நீதான் ஓட்டுவியே, போய் உக்காரும்மா" என்றார். அன்றைக்கு ஏறி உட்கார்ந்தவள்தான்.

யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை என்று ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். எதிரே மாடு வருகிறதா, சைக்கிள் திரும்புகிறதா, படிக்கிறவர் கண்ணில் படும் முன்பே இவள் கண்ணில் பட்டுவிடும். வாயைத் திறக்கமாட்டாள். கால் மெல்ல அமுங்கும். வண்டி கோபமே இல்லாமல் நிற்கும். ஓட்டுகிறவர் தான்தான் நிறுத்தினோம் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும் என்று விட்டுவிடுவாள். "பயமே போயிடுச்சுக்கா" என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள். பயம் எங்கே போகும்? அது இவள் காலடியில் கிடந்தது. முதலாளி பள்ளிக்கூடப் பலகையில், 'ஒரு கீறல்கூடப் படாத பள்ளி' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிப்போட்டுவிட்டார். அந்த எழுத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏன் இருக்கக்கூடாது?

அந்தப் பெருமைக்குரிய கால்தான் இப்போது சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவும்போது தரையை மிதிக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டின் கம்பியை மிதிக்கிறது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "என்னங்க, இறங்கணுமா?" என்று கேட்டார். வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவுகிறாள்.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. மருமகன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில். மகள் பிசியோதெரபி படித்தவள். நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. கார் ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை. தெரியும். அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தந்தது. உரிமம் வாங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது. புது வேலைக்குப் போகிற தெருக்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் காரை வாங்கிக்கொண்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டாள்.

மாமனார் கார் கொடுத்ததே பெரிய விஷயம். எடை அளவுகளைச் சோதிக்கும் இலாகாவில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லாரும் எடையில் கொஞ்சம் ஏமாற்றுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. காரின் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. சாவியை நீட்டும்போது, "மெதுவா போம்மா" என்றார். வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றார்.

கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் தன் வேனை ஓரமாக நிறுத்தியிருந்தார். ஜன்னலுக்குப் போடுகிற பெரிய பெரிய கண்ணாடிகளைப் பின்பக்கம் மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டியிருந்தார். பட்டப்பகல். தெருவில் கூட்டமும் இல்லை. மகள் வேனைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். கார் ஒரே சீராகப் போய், அவ்வளவு பெரிய வேன் மேல் நேராக மோதியது.

யாருக்கும் அடி இல்லை. கண்ணாடிதான் கொட்டியது, கொட்டி முடிந்த பிறகும் ஒவ்வொரு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. காரின் முன்பக்கம் நசுங்கி ஒரு விளக்கு வெளியே தொங்கியது. கண்ணாடிக்காரர் டீக்கடையிலிருந்து டம்ளரோடு ஓடிவந்தார். தெருவே கூடி, யார் மேல் தப்பு என்று ஆளுக்கு ஒரு தீர்ப்புச் சொன்னது. மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்லாகிவிட்டாள்.

பிரேக் அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். வலது கால் தரை விரிப்பை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. தொடை வரை நரம்பு இழுத்தது. அவள் வேனைப் பார்த்திருந்தாள், நன்றாக முன்னாடியே பார்த்திருந்தாள். 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. வாய் திறக்கவில்லை; கால் மிதித்தது. இத்தனை வருஷம் மிதித்ததும் நின்ற வண்டி அன்றைக்கு நிற்கவில்லை. அது மாமனாரின் கார் என்பதும் அதில் இவள் பக்கம் பிரேக்கே கிடையாது என்பதும் காலுக்கு எப்படித் தெரியும்?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் வர ஆரம்பித்தார். நல்ல மனிதர், சண்டைக்காரர் இல்லை. ஆனால் விடாக்கண்டர். காலையில் மாமனார் வீட்டு வாசலில் நிற்பார், மாலையில் பயிற்சிப் பள்ளி வாசலில்.

"அக்கா, யார் மேல தப்புன்னு எனக்குத் தெரிய வேணாம். யாரு தரப்போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க வீட்டு வாசல்லயே நான் நின்னுக்கறேன். இப்படி ரெண்டு வாசலுக்கும் நடந்தா என் செருப்புக்கும் சேத்து நீங்கதான் தரணும்."

"இன்சூரன்ஸ்ல தருவாங்கண்ணே. சர்வேயர் வந்து பாத்துடட்டும்."

"அவரு என்னைக்கு வருவாரு?"

அது யாருக்குத் தெரியும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சர்வேயர் என்கிற அந்த இன்சூரன்ஸ் ஆள் இன்று வருவார், நாளை வருவார் என்றே நாள் போனது. பிரேக் அக்கா பள்ளிக் காரில் உட்கார்ந்தாலும் மனசு அங்கே இல்லை. போன் அடித்தால் திடுக்கென்றது. கோயில் மணி மாதிரி எந்நேரமும் ஏதோ ஒன்று காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மாமனார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டு முற்றத்தில் கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. கார் இல்லாவிட்டாலும் காருக்குப் போடுகிற உறையை எடுத்து உதறி மடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உக்காருங்க சம்பந்திம்மா. விலை கம்மின்னு நான் போட்ட பாலிசி, இப்பத்தான் எடுத்துப் படிச்சுப் பாத்தேன். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகாதவங்க ஓட்டி இடிச்சா, கம்பெனி ஒரு பைசா தராதாம். நம்ம வண்டிக்கும் தராது, அந்தக் கண்ணாடிக்கும் தராது."

அவள் கால் முற்றத்துத் தரையை மிதித்தது.

"நான் உங்க பொண்ணை ஒரு வார்த்தை சொல்லலை. கேட்டுப் பாருங்க. ஆனா என் பென்ஷன்ல இதைத் தாங்க முடியாது." உறையின் மூலையை இன்னொரு முறை சரிசெய்தார். "வண்டியில நீங்களும் இருந்தீங்க. நீங்க அனுபவசாலி. நீங்கதான் ஓட்டுனீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஊரெல்லாம் தராசில் கல்லைத் தேடின மனிதர், தன் தராசில் ஒரு சின்னக் கல்லை வைக்கச் சொன்னார். அவருக்கே அது கூச்சமாகத்தான் இருந்தது, முகத்தை நிமிர்த்தவில்லை.

யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். கற்றுத்தருகிறவர் ஓட்டி விபத்து என்று பதிவானால், கற்றுத்தருகிற அனுமதியை நிறுத்திவைத்துவிடுவார்கள். முதலாளியும் அந்தச் சிவப்புப் பெயின்ட்டை அழிக்கமாட்டார், அவளைத்தான் அழிப்பார். இந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? ஆனாலும் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மகளின் புடவை நுனி தெரிந்தது. கல்யாணமாகி வந்த வீட்டில், புருஷனும் இல்லாத நேரத்தில், கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண். பெற்றவளுக்கு வேறு என்ன யோசனை வரும்?

"சொல்லிடறேன் சம்பந்தி" என்றாள்.

அவள் தெருமுனைக்குப் போவதற்குள் மகள் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"உன்னை யாரும்மா ஒத்துக்கச் சொன்னா? உன் வேலை போயிடும்னு தெரியாதா?"

"தெருவுல கத்தாதடி. நீ அந்த வீட்ல நிம்மதியா இருக்கணும்ல?"

"இப்ப ரொம்ப நிம்மதியா இருக்கேன் பாரு." மகளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "அந்த வேலையும் வேணாம்னு சொல்லப்போறேன். இனிமே ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். பிரெண்டு வண்டியைத் தனியா எத்தனை தடவை ஓட்டியிருக்கேன், ஒரு கோடு விழுந்தது கிடையாது. அன்னைக்கு அவ்ளோ பெரிய வேனைப் பாத்துக்கிட்டே போய் இடிச்சேன். எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாம்மா?"

இங்கே சொல்லியிருக்க வேண்டும். 'உனக்கு ஒன்றும் இல்லை, நானும் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு வெறும் தரையை மிதித்தேன்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பாதி பாரம் அந்தத் தெருவிலேயே இறங்கியிருக்கும். பிரேக் அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. 'ஒரு கீறல்கூடப் படாத பள்ளி' குறுக்கே வந்து நின்றது. மென்று விழுங்கிவிட்டாள். வேலையைக்கூட விடத் தயார், பெருமையை விட மனசில்லை. மனித மனசுக்கு எதன் மேல் ஆசை என்று பாருங்கள்.

"போ, உள்ள போ. மாமா தேடுவாரு" என்றாள். செருப்புக்குள் கால் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது.

சர்வேயர் ஒருவழியாக வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் வந்த களைப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒர்க்‌ஷாப் கொட்டகையின் இருட்டில் நசுங்கின கார் நின்றது. மாமனார் வந்திருந்தார், மகள் வந்திருந்தாள், கூப்பிடாமலே கண்ணாடிக்காரரும் வந்திருந்தார். புதுக் கண்ணாடி ஏற்றின தன் வேனைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்தியிருந்தார், மறந்துவிடப்போகிறார்களே என்று. மெக்கானிக் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காதை மட்டும் வெளியே வைத்திருந்தார்.

"யாரு ஓட்டுனது?" என்றார் சர்வேயர்.

மாமனார் தொண்டையைச் செருமினார். மகள் வாயைத் திறப்பதற்குள் பிரேக் அக்கா முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் சார்."

சர்வேயர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுதவில்லை. பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. எந்த விபத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார்.

"சரிங்கம்மா. அன்னைக்கு எப்படி உக்காந்திருந்தீங்களோ, அப்படியே போய் உக்காருங்க. என்ன பாத்தீங்க, என்ன பண்ணீங்கன்னு வரிசையா சொல்லுங்க."

பிரேக் அக்கா பொய்யை வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். எந்தத் தெரு, என்ன வேகம், வேன் எங்கே நின்றது, எல்லாம் தயார். அதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். காரைச் சுற்றிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தாள், ஏறினாள், பெல்ட்டைப் போட்டாள், கைகளை மடியில் வைத்தாள், வலது காலை வாகாக நீட்டினாள்.

"கடைத்தெருவுல திரும்பினோம் சார். வேன் நின்னுட்டிருந்தது..." என்று ஆரம்பித்தவள் நிமிர்ந்தாள்.

எதிரே ஸ்டீயரிங் இல்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆயுசில் பாதியைப் பக்கத்து இருக்கையில் கழித்தவளை 'போய் உட்கார்' என்றால் வேறு எங்கே போய் உட்காருவாள்? மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றார் கண்ணாடிக்காரர் தயவாக, "ஸ்டீயரிங் அந்தப் பக்கம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் சோற்றையே மறந்துவிட்டு வந்தமாதிரி ஆகிவிட்டது. வேறொரு பொய் சொல்லியிருக்கலாம், தலைசுற்றல், ஞாபகமறதி என்று. சொல்லத் தோன்றவில்லை. காலடியைப் பார்த்தாள். அன்றைக்கு மிதித்த இடத்தில் தரை விரிப்பு இன்னும் கசங்கியே கிடந்தது. யாரும் அதை எடுத்து உதறவில்லை.

"ஓட்டுனது என் பொண்ணு சார்" என்றாள். "பிரேக் போட்டது நான்."

சர்வேயர் குனிந்து உள்ளே பார்த்தார். "இந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் இல்லையேம்மா."

"அதான் சார் இடிச்சது."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். எத்தனையோ பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்து அவள் அழுதது அன்றுதான். "முன்னாடியே பாத்துட்டேன். நிறுத்துடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பா. சொல்லலை. கால்தான் மிதிச்சது. அவ பேர்ல மட்டும் தப்பு எழுதாதீங்க."

மகள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது.

"அம்மா... நானும் அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். வேனைப் பாத்தேன். நீ பக்கத்துல இருக்கே, நீ போட்டுடுவேன்னு இருந்தேன். பிரேக்ல நான் காலே வைக்கலைம்மா."

அம்மா மகளைப் பார்த்தாள். எத்தனை பேருக்கு இப்படிக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது.

சர்வேயர் பேனாவைத் திறந்தார். "முதல்ல சொன்னதை நான் எழுதலை, அது உங்க நல்ல நேரம். இப்ப சொன்னதைத்தான் எழுதப்போறேன். கம்பெனி தராது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்ப யாருதான் தரப்போறீங்க?" கண்ணாடிக்காரர் தன் ஒரே கேள்வியை மறுபடி எடுத்தார்.

"நான் தரேண்ணே, கொஞ்சம் கொஞ்சமா. என் வாசல்லயே நில்லுங்க, அங்க போகாதீங்க" என்றாள் பிரேக் அக்கா.

"பாதி" என்றாள் மகள். "மீதிப் பாதி நான். மாமா வண்டிக்கும் அப்படித்தான். அந்த வேலைக்குப் போறேன்."

மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எடை பார்த்துப் பழகின கண். என்ன தேறியதோ, கைக்குட்டையை எடுத்து உடைந்த விளக்கின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"போட்டோ எடுக்கணும், உள்ள இருட்டா இருக்கு. வண்டியை வெயிலுக்கு எடுங்க" என்றார் சர்வேயர்.

மாமனார் சாவியைச் சம்பந்தியம்மாளிடம் நீட்டினார். நடுவில் மகளின் கை வந்து வாங்கிக்கொண்டது. மகள் சுற்றி வந்து ஓட்டுகிற பக்கம் ஏறினாள். அம்மா இறங்கப் போனாள்.

"இறங்காதம்மா. நீ இருந்தாதான் எனக்கு நிறுத்த வரமாட்டேங்குது. அதைப் பழகணும், இரு."

என்ஜின் ஓடியது. கார் மெல்ல நகர்ந்தது. கொட்டகை வாசலில், நேர் எதிரே, அதே வேன். அதே மரச்சட்டத்தில் புதுக் கண்ணாடிகள் வெயிலில் பளீரென்று நின்றன. கண்ணாடிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார். பிரேக் அக்காவின் கால் தானாக விரிப்பைத் தேடிப் போனது. அவள் சட்டென்று செருப்பை உதறிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாமனாரின் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. தொடைக்கு அடியில் வலது கால் துடித்தது. அதன் மேல் முழு பாரத்தையும் வைத்து அழுத்தினாள்.

மகள் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காத. எங்கிட்ட ஒண்ணும் இல்லடி. எதிர்ல பாத்து நிறுத்து!"

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு காருக்குள் உட்கார்ந்து கத்தினாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அழகாக ஒன்றும் நிற்கவில்லை. அம்மா முன்னால் போய் வந்தாள். வேனுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது.

கண்ணாடிக்காரர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"இந்தத் தடவை பிரேக் போட்டது யாரு?"

"நான்" என்றாள் மகள்.

சர்வேயர் போட்டோ எடுக்க எல்லோரையும் விலகச் சொன்னார். பிரேக் அக்காவால் உடனே இறங்க முடியவில்லை. இத்தனை நாளாக ஓயாத கால், அடியில் மடிந்து கிடந்ததில் மரத்துப்போய்ச் சும்மா இருந்தது.